சிவப்புக் கட்டம்

ரகசியத் தொடர்பைத் தொடங்க ஒரு முறை உண்டு. நம் கணினியில் இருக்கும் நிரல் முதலில் ஊரறிய சர்வரைக் கூப்பிடும். இனி மறைத்துப் பேசலாமா என்று கேட்கும். சர்வர் தன் சான்றிதழை நீட்டும். அது அசல்தானா, தேதி செல்லுமா என்று பார்த்து, பேச்சைப் பூட்டித் திறக்கும் சாவியை மாற்றிக்கொண்ட பிறகுதான் முக்கியமான சங்கதிக்கு நிரல் வாயையே திறக்க வேண்டும். எங்கே இடறினாலும் தொடர்பை வெட்டிவிட வேண்டும். இதெல்லாம் தெரிந்திருந்தும்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

திண்டுக்கல்லில் பிரவுசிங் சென்டர்கள் தெருவுக்கு ஒன்று முளைத்திருந்த காலம். அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு நிரல் எழுதிக் கொடுத்தேன். அவர்களுக்கு வத்தலக்குண்டில் ஒரு கிளை. அங்கே எடுக்கும் ரத்தமும் சளியும் பஸ்ஸில் திண்டுக்கல் வரும். முடிவுகள் நெட் வழியாகத் திரும்பிப் போகும். தொடர்பு சரியாக அமையாவிட்டால் திரையில் ஒரு சிவப்புக் கட்டம் வந்து வேலை நின்றுவிடும். என்ன கோளாறு என்று கட்டத்தில் எழுத எனக்குச் சோம்பல். 'தொடர்பு இல்லை' என்பதோடு முடித்துக்கொண்டேன்.

கிளையைப் பார்த்துக்கொண்டது ஓர் அக்கா. காலையில் வந்ததும் சிலுவை போட்டுக்கொண்டு கணினியைத் திறப்பார். ஒரு வாரம் அவர் லீவில் போனார். மாற்றாள் ஒட்டன்சத்திரத்துப் பெண். முதல் நாளே போன் வந்தது.

"ஏனுங்க சார், செவப்பா ஒரு கட்டம் வந்து நிக்குதுங்க. ஒண்ணும் போக மாட்டேங்குதுங்க."

அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். அந்தப் பக்கம் நோயாளிகள் காத்திருந்தார்கள். இந்தப் பக்கம் முதலாளி மணிக்கு இரண்டு முறை கத்தினார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்தது. நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன்: மறைத்துப் பேச முடியாவிட்டால் மறைக்காமலே பேசு. புது நிரலை அனுப்பினேன், கட்டம் போய்விட்டது. முதலாளி என்னைப் பாராட்டினார், நானும் வாங்கிக்கொண்டேன்.

லீவு முடிந்து வந்த அக்கா போனில் சிரித்தார். "தேதிய மாத்தலையா தம்பி? இந்தப் பெட்டி கரண்டு போனா பழைய வருசத்துக்குப் போயிரும். தெனமும் மொத வேலையா நான்தான் மாத்துவேன்."

கணினிக்குள் இருந்து தேதியைக் காக்கும் பொத்தான் பேட்டரி செத்துப்போயிருந்தது. பழைய வருடத்தில் விழித்த கணினிக்குச் சர்வரின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை. அதனால் மறுத்திருக்கிறது. நிரல் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. அந்த வரியை நாளைக்கு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நாளைக்கும் அதையேதான் நினைத்தேன்.

நடுப்பகலில் கரண்டு போய் வந்தால், முன்பெல்லாம் சிவப்புக் கட்டம் அக்காவை நிறுத்தும். தேதியை மாற்றிவிட்டுத் தொடர்வார். என் வரி அந்த எச்சரிக்கையைத் தின்றுவிட்டது. கிளைக்குத் தனி நெட் கிடையாது. கீழ்த்தளத்து பிரவுசிங் சென்டரின் லைனைத்தான் பகிர்ந்துகொண்டிருந்தோம். மறைக்காமல் போவதை அங்கே உட்கார்ந்திருக்கும் எவனும் படிக்கலாம். அதற்கான மென்பொருள் ஓசியில் கிடைத்தது.

ஒரு பெண்ணின் சளிப் பரிசோதனை முடிவு, அவள் வீட்டுக்குத் தெரியுமுன் பஸ் ஸ்டாண்டுக்குத் தெரிந்துவிட்டது. காசநோய். பேசி வைத்திருந்த கல்யாணம் நின்றது. அவள் அண்ணன்மார் கிளைக்கு வந்து சத்தம் போட்டார்கள். வத்தலக்குண்டில் முடிவைப் பார்த்தது அக்கா ஒருவர்தான் என்று முதலாளி முடிவு கட்டினார். அன்றைக்கே அவரை நிறுத்திவிட்டார்.

அக்கா எனக்குப் போன் செய்தார். "யார்கிட்டயும் நான் மூச்சு விடல தம்பி. ஊருல என்னைய ஒரு மாதிரி பாக்குறாக. ஒனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியும். அது வழியா போயிருக்குமான்னு பாத்து, சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுப்பா."

"சொல்றேன்க்கா" என்றேன்.

பார்த்தேன். சர்வரின் பதிவேட்டில் இருந்தது. அந்த நாள், பிற்பகல், மறைக்காத தொடர்பு. முதலாளியின் அறை வாசல் வரை போனேன். உள்ளே போய், "புதுசா ஒரு திருத்தம் சார், வத்தலக்குண்டு வரைக்கும் போயிட்டு வாரேன்" என்றேன். அவ்வளவுதான் என் தைரியம்.

மறுநாள் போய் அந்த வரியை அழித்தேன், புது பேட்டரி போட்டேன். கிளையில் இப்போது வேறொரு பெண். திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த காகிதத்தைக் காட்டி, "இது இன்னும் வேணுமா சார், கிழிச்சிரவா?" என்று கேட்டாள்.

அக்காவின் கையெழுத்து. அந்த லீவு முடிந்து வந்த பிறகு, இனி மாற்றாளாக வருகிறவர்களுக்காக எழுதி வைத்திருக்கிறார்:

'காலையில் தேதியைச் சரி செய்யவும். சிவப்புக் கட்டம் வந்தால் எதையும் அனுப்ப வேண்டாம். கட்டம் வராதவரை பயமில்லை. தம்பி அப்படித்தான் செய்து கொடுத்திருக்கிறது.'

கிழிக்க வேண்டாம் என்றேன்.