மணல் மேட்டுக்கு ஒரு மனு

அந்தப் பதில் கடிதத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

தேவனாம்பட்டினத்தைத் தாண்டி, கடலை ஒட்டி என் தாய்மாமாவுக்குப் பட்டா நிலம் இருந்தது. பயிர் வைக்கிற நிலம் இல்லை. கூரை உயரத்துக்கு எழும்பிய மணல் மேடு. தாழையும் அடப்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் வேரால் பிடித்து வைத்திருந்த மணல். சுனாமி வந்த அன்று அதன் பின்னால் இருந்த வீடுகளுக்குள் முழங்கால் அளவுத் தண்ணீர்தான் வந்தது. பக்கத்துத் துண்டில் மேட்டை முன்பே சமன் செய்திருந்தார்கள். அந்த வழியாக வந்த தண்ணீர் எதையும் மிச்சம் வைக்கவில்லை. அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள்.

மாமாவுக்கு மூட்டு போய்விட்டது, கடலுக்குப் போக முடியாது. மேட்டைத் தட்டையாக்கி ரிசார்ட் கட்ட ஒருவர் மாதம் தவறாமல் வந்து நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கும் விக்க மனசு இல்லம்மா. ஆனா மணலத் தின்ன முடியுமா? கவர்மெண்டு வாங்கிக்கட்டும், இல்ல வருஷத்துக்கு எதுனா குடுக்கட்டும். நான் காவல் காத்துக்கினு கெடக்குறேன்" என்றார் மாமா.

நியாயமான பேச்சு. சிதம்பரத்தில் டீச்சராக இருக்கும் நான் லீவு போட்டுவிட்டு, திங்கட்கிழமை குறைதீர் நாளில் அவரோடு கடலூர் கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நின்றேன். இருக்கிற நிலத்தைக் காக்க அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதியிருந்தேன். என் கையெழுத்தில் அவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை.

பதில் வந்தது. நிலத்தில் ஏற்கெனவே செடிகொடிகள் இருப்பதால் கடலோரத்தைப் பசுமையாக்கும் திட்டத்தில் நிதி பெறத் தகுதி இல்லையாம். நேரில் போய்க் கேட்டேன். அந்தத் திட்டத்தைப் பார்க்கும் பிரிவில் இருந்தவர் கெட்டவர் இல்லை, எனக்கு உதவுவதாக நினைத்துத்தான் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், செடி நடறதுக்குத்தான் ஃபண்டு. இருக்கிறத அப்படியே வச்சிக்கறதுக்கு இல்ல. அந்தப் பொதரையெல்லாம் எடுத்துட்டு, மணல சமமாக்கிட்டு அப்ளை பண்ணுங்க. சவுக்கு வச்சிக் குடுப்பாங்க."

நான் பேசியதில் அந்த ஆபீஸே திரும்பிப் பார்த்தது. அழித்துவிட்டு வந்து நிற்பவனுக்குப் பணம், அழிக்காமல் வைத்திருப்பவனுக்கு ஒரு கடிதம். இது என்ன நியாயம்? கரையில் கல் கொட்டக் காசு இருக்கிறது. புயல் அடித்த பிறகு அரிசி மூட்டை கொடுக்கக் காசு இருக்கிறது. ஊரைக் காக்கிற மேட்டை நிற்கவிடுவதற்கு மட்டும் இல்லை. வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். அவர் ஃபைலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் காத்திருந்த மாமாவிடம் சொன்னேன்.

"அழிக்கறதுதான்னா அத ரிசார்ட்டுக்காரனே செய்வானேம்மா. பணமும் ஜாஸ்தி குடுப்பான்" என்றார்.

அந்த மாதமே எழுதிக் கொடுத்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரால் எவ்வளவு நாள் சும்மா காவல் காக்க முடியும்? பொக்லைன் இரண்டே நாளில் வேலையை முடித்தது.

பார்க்கப் போயிருந்தேன். பின்வீட்டுப் பெண் தன் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இப்ப எங்க வாசப்படியிலேர்ந்தே கடல் தெரியுது டீச்சர்" என்றாள்.

வடக்கே இன்னும் ஒரு துண்டு மேடு மிச்சம் இருக்கிறது. அதற்காக எழுதிய மனுவில் அவள் சொன்னதைத்தான் முதல் வரியாக வைத்தேன்.