கிரேன்காரச் சித்தியின் வயிறு

என் சித்தி சரக்கு முனையத்தில் கிரேன் ஓட்டுகிறாள். அறுபத்திரண்டு இரும்புப் படி ஏறினால் அவளுடைய கூண்டு. ஒருவர் உட்கார இடம், மூன்று பக்கமும் கண்ணாடி. கழிப்பறை கிடையாது.

ரத்தத்தில் தொற்று ஏறி, பத்தொன்பது நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து மீண்டவளுக்குக் கழிப்பறை இல்லாததுதான் வினையாகிப் போனது. வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. மேலாளர் அவளை, லாரிகளுக்குச் சீட்டு கொடுக்கும் வாசல் மேசைக்கு மாற்றப் பார்த்தார்.

"சீட்டுக் கிழிக்கவா பதினாலு வருஷம் அந்தக் கூண்டுல உக்காந்தேன்?" என்றாள்.

எங்கள் வீட்டில் முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். அதனால் பத்தியமும் என் பொறுப்பானது. கிருமிதானே அவளைச் சாய்த்தது என்று தட்டு, கரண்டி எல்லாவற்றையும் கொதிக்க வைத்தேன். ஐந்து வாரம் வடிகட்டிய கஞ்சி மட்டும் கொடுத்தேன். படித்தவன் சொல்கிறான் என்று சித்தப்பாகூட ஒப்புக்கொண்டார்.

மறுபரிசோதனையில் என்ன சாப்பிடுகிறாள் என்று டாக்டர் கேட்டார். சித்தி என்னைக் காட்டினாள். "இவனக் கேளுங்க. ஜெயிலர் இவன்தான்."

இப்போது தொற்று எதுவும் இல்லை என்றார் டாக்டர். பெரிய நோய் தாக்கும்போது, சாப்பாடு இறங்காமல், மருந்தும் சேர்ந்து, குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்கள் சில நாளிலேயே பெருமளவு அழிந்துவிடுமாம். மீண்டு வர மாதக்கணக்கில் ஆகலாம். அவற்றுக்குத் தீனி கீரையும் பயறும் பழமும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும்.

வெளியே வந்ததும் சித்தி சிரித்தாள். "நோய் அதுங்கள அடிச்சுது. மிச்சம் இருந்ததுங்கள நீ பட்டினி போட்டியேடா பாவி!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. 'தெரியாது' என்று சொல்ல ஏன் அவ்வளவு கூசினேன்?

ஒரு கரண்டிப் பயறில் தொடங்கினாள். வயிறு உப்பியது, முறுக்கியது. அவள் விடவில்லை. நாளுக்கு எட்டு தடவை ஓடியவள் இரண்டு மாதத்தில் மூன்றுக்கு வந்தாள். அதற்குமேல் காத்திருக்க மறுத்துவிட்டாள்.

"ஒரு நாள் முழுக்க ஓட்டிக் காட்டுங்க, பாக்கலாம்" என்றார் மேலாளர். நானும் கூடப் போனேன்.

பதினோரு மணிக்குக் கிரேன் நின்றது. சித்தி இறங்கி வந்தாள். லாரிக்காரர் ஒருவர் கேட்டார், "என்னக்கா, முடியலையா?"

"கக்கூஸுக்குப் போறேன். துணைக்கு வர்றியா?"

முனையமே சிரித்தது. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சித்தி போனாள், வந்தாள், ஏறினாள். மதியத்துக்குமேல் இன்னொரு முறையும் அப்படியே.

மாலையில் மேலாளர் அன்று தூக்க வேண்டிய சரக்குப் பெட்டிகளின் பட்டியலைச் சரிபார்த்தார். ஒரு பெட்டிகூட விடுபடவில்லை.

"நாளைக்கு..." என்று இழுத்தார்.

"ஏழு மணிக்கெல்லாம் கூண்டுல இருப்பேன் சார். வாசல் மேசைக்கு வேற ஆளப் பாருங்க."