கொடிக்கு நான் போட்ட முடிச்சு

எங்கள் சித்தப்பாவின் விரல்களுக்குத் தனி மூளை இருந்தது. கயிறு என்று ஒன்று கைக்கு வந்துவிட்டால் போதும். வாய் ஒருபக்கம் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும், விரல்கள் ஒருபக்கம் வேலையில் இருக்கும். திரும்பிப் பார்த்தால் என் இரண்டு ஜடையும் ஜன்னல் கம்பியோடு கட்டுண்டிருக்கும். பத்து வயதில் எனக்கு அவரைவிடப் பெரிய வித்தைக்காரர் உலகத்தில் இல்லை.

அவர் ஊராட்சித் துணைத்தலைவர். தலைவராகியிருக்க வேண்டியவர் என்று வீட்டில் சொல்வார்கள். முதலில் தாத்தா, பிறகு பெரியப்பா, அடுத்தது சித்தப்பா என்று பஸ் சீட்டில் துண்டு போட்டு வைத்த மாதிரி அந்தப் பதவி எங்கள் வீட்டுக்காகக் காத்திருந்தது. அந்த முறை பார்த்து எங்கள் ஊரைத் தாழ்த்தப்பட்டவர்களுக்கான தனி ஊராட்சி ஆக்கிவிட்டார்கள். அதிலும் பெண்களுக்கு. காலனியிலிருந்து ஒரு பெண்தான் நிற்க முடியும்.

சித்தப்பா அசரவில்லை. எங்கள் வயலில் நாற்று நட்டு, களை பறித்து, எங்கள் போருக்கு வண்டி வண்டியாக வைக்கோல் இறக்கிப்போட்ட ஒருவரைக் கூப்பிட்டு, தானே நிற்க வைத்தார்.

"நீ கையெழுத்து மட்டும் போட்டுக்கினு இரு. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

அவரும் சரி என்றார். ஜெயித்தார். அதற்கப்புறம் ஊராட்சி அலுவலகத்தில் சித்தப்பா நாற்காலியில் இருப்பார், தலைவர் வாசற்படியில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவார். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே குடவோலை போட்டுத் தேர்தல் நடத்தியவர்கள் நாம் என்று பள்ளிக்கூடத்தில் எங்களை உத்திரமேரூர் கூட்டிக்கொண்டுபோய்க் கல்வெட்டைத் தொட்டுக் காட்டினார்கள். யார் யாரெல்லாம் நிற்கக் கூடாது என்பதும் அதே கல்லில் வெட்டியிருக்கிறது என்பதை வாசித்துக் காட்ட அன்றைக்கு நேரமில்லை.

சுதந்திர தினம் வந்தது. எப்போதும்போல் சித்தப்பாவே கொடியேற்றுவதாக இருந்தது. ஆனால் அந்த வருஷம் மேலேயிருந்து தாள் வந்துவிட்டது: தலைவர்தான் ஏற்ற வேண்டும், வேறு யாரும் கூடாது. தலைமையாசிரியர் அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டியபோது சித்தப்பா சிரித்தார். "ஏத்தட்டும் சார், இன்னா இப்போ" என்றார். அவ்வளவு பெருந்தன்மையான மனிதர் என்று நான் பூரித்தேன்.

கொடிக்குள் பூ வைத்து மடித்துக் கட்டுவது என் வேலை. கதம்பம் தொடுக்கிற விரல்கள் என்று டீச்சர் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார். கொடியைப் பொட்டலமாக மடித்து, கயிற்றால் ஒரு சுருக்குப் போட வேண்டும். பொட்டலம் கம்பத்தின் உச்சிக்குப் போன பிறகு கீழேயிருந்து ஒரு வெட்டு வெட்டி இழுத்தால், சுருக்கு உருவிக்கொண்டு கொடி விரியும், பூ கொட்டும். காலையில் பள்ளிக்கூட மைதானத்து ஓரம் குந்தி, செவ்வந்தி இதழ்களைப் பிய்த்து உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா வந்து பக்கத்தில் குந்தினார்.

"சுருக்கா போடற? காத்து பலமா கீது பாப்பா. பாதியிலேயே அவுந்து மானம் போயிடும். நம்ம வைக்கோல் வண்டிக்குப் போடுவாங்களே, அந்த முடிச்சு போடு. எத்தினி குலுங்கினாலும் நிக்கும்."

என் விரல்களைப் பிடித்து ஒரு சுற்று, உள்ளே ஒரு மடக்கு, மறுபடி ஒரு சுற்று. என்ன அழகான முடிச்சு. கோழி முட்டையிட்டதுபோலக் கயிற்றின் நடுவில் உருண்டையாக உட்கார்ந்துகொண்டது. ஊருக்கே நான் நல்லது செய்துவிட்ட நிறைவு எனக்கு.

எட்டு மணிக்குக் கூடினோம். ஊர் ஒருபக்கம், காலனி ஒருபக்கம், நடுவில் சுண்ணாம்பு அடித்த கம்பம். தலைவர் நீலப் புடவை கட்டி வந்திருந்தார், மடிப்புக் கோடு கலையாத புதுப்புடவை. அவர் கயிற்றைப் பிடித்தார். பொட்டலம் மேலே போனது, தத்தித் தத்தி, ஒரு அணில் மாதிரி. உச்சியில் நின்றது. அவர் இழுத்தார்.

விரியவில்லை.

மறுபடி இழுத்தார். கம்பம் லேசாக ஆடியது. இன்னும் பலமாக இழுத்தார். இழுக்க இழுக்க என் முடிச்சு இறுகிக்கொண்டிருந்தது. அது அதற்காகவே பிறந்த முடிச்சு. ஊர்ப்பக்கத்தில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். "நாத்து புடுங்கற மாதிரின்னு நெனச்சிக்கினா போல கீது" என்று ஒரு குரல். காலனிப் பக்கம் ஒருவரும் அசையவில்லை. ஒரு தாய் குழந்தையின் வாயைப் பொத்தினாள்.

சித்தப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். வேட்டியை நீவிக்கொண்டு, சிரித்த முகமாக, கையை நீட்டியபடி வந்தார்.

"குடு இங்க. ஒனக்கு இன்னாத்துக்கு இந்த பேஜார்."

"இருங்க சின்னய்யா" என்றார் தலைவர். கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

அப்புறம் அவர் செய்ததை அந்த மைதானத்தில் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. பொட்டலத்தைக் கீழே இறக்கினார்.

தலைமையாசிரியர் பதறிப்போய் ஓடிவந்தார். "இறக்கக் கூடாதும்மா. ஏத்துன கொடிய இறக்குனா மரியாதைக் குறைவு. சட்டம் இருக்கு."

"இன்னும் ஏத்தவே இல்லியே சார். மூட்டையாத்தானே கீது."

மண் படாமல் அதை மடியில் வாங்கிக்கொண்டு கம்பத்தடியில் உட்கார்ந்தார். முடிச்சைப் பார்த்தார். விரலால் அதைத் தடவினார், நாடி பார்க்கிறவர் மாதிரி. எங்கள் வீட்டு வைக்கோலை எத்தனை வண்டி இறக்கியிருப்பார். அந்த முடிச்சை அவருக்குத் தெரியாதா.

"யாரு கட்டினது?"

எனக்குத் தொண்டை வரை பெருமை. இரண்டடி முன்னால் வந்தேன். "நான்தான். சித்தப்பா சொல்லிக் குடுத்தாரு."

மைதானம் முழுக்க அந்த ஒரு சொல் கேட்டது. காற்றுகூட அப்போது நின்றிருந்தது.

"கொயந்த ஏதோ ஒளறுது" என்றார் சித்தப்பா.

தலைவர் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். ஏதோ தூரத்து வயலில் மழை பெய்வதைப் பார்க்கிற பார்வை அது.

"நல்லா கெட்டியா கட்டிக்கீற பாப்பா" என்றார்.

கயிற்றை இழுக்காமல் எதிர்ப்பக்கமாக உள்ளே தள்ளினார். கல் மாதிரி இறுகிக் கிடந்த உருண்டை, வாய் திறந்து பெருமூச்சு விட்டதுபோல் தளர்ந்து விழுந்தது. அதே விரல்கள் ஒரு சுருக்கைப் போட்டன, கண் இமைப்பதற்குள். எழுந்து நின்றார். பொட்டலம் மறுபடி மேலே போனது.

இந்த முறை ஒரே ஒரு வெட்டு.

செவ்வந்தி கொட்டியது. ஊர்ப்பக்கம் காலனிப்பக்கம் என்று பார்க்காமல், தலைமையாசிரியரின் வழுக்கையில், சித்தப்பாவின் நீட்டி மடக்காத கையில், என் வாயில் ஒரு இதழ், கசப்பாக. மேலே கொடி படபடவென்று அடித்துக்கொண்டது. அண்ணாந்து பார்த்தேன். வானமே அவிழ்ந்துவிட்ட மாதிரி இருந்தது. காலனிப் பக்கத்தில் யாரோ கை தட்ட ஆரம்பித்து, தேசிய கீதம் பாட வேண்டுமே என்று நினைவு வந்து, பாதியில் நிறுத்தினார்கள். தலைவர் சல்யூட் அடிக்கவில்லை. கை கூப்பினார்.

சித்தப்பா கீதம் முடியுமுன்னே போய்விட்டார். வீட்டில் அன்று யாரும் என்னைத் திட்டவில்லை, யாரும் என்னோடு பேசவும் இல்லை. நான் பேசிக்கொண்டே இருந்தேன். தள்ளினால் அவிழும் முடிச்சைப் பற்றி, அந்த விரல்களைப் பற்றி. சித்தப்பாவைவிடப் பெரிய வித்தைக்காரரைப் பார்த்துவிட்டேன் என்று சாப்பாட்டு நேரத்தில் அவரிடமே சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் காலை தலைவர் எங்கள் வயலுக்குக் களை பறிக்கப் போய்க்கொண்டிருந்தார், பழைய புடவையில், தலையில் சும்மாடு. அந்த முடிச்சைத் தள்ளி அவிழ்ப்பதை எனக்கு எப்படியாவது கற்றுக்கொண்டுவிட வேண்டும். தெருவில் ஓடினேன்.

என் அம்மாவைவிட அவருக்கு ஏழெட்டு வயது கூட இருக்கும். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், எங்கள் வீட்டுக் குழந்தைகள் எல்லோரும் கூப்பிடுகிற மாதிரி. "ஏ, நில்லு" என்றேன்.

ஊராட்சி மன்றத் தலைவர் நின்றார். திரும்பி, "இன்னா பாப்பா?" என்றார்.

அதில் ஏதாவது தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.