கோபுரச் சுவரருகே நின்றவர்

ஜெர்மனியின் கொலோன் நகருக்கு மேற்கே, நிலக்கரிச் சுரங்கத்துக்காக ஒரு கிராமத்தையே காலி செய்து, மக்களை வேறிடத்தில் புது ஊர் கட்டிக் குடியேற்றிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த இடைக்காலத் தேவாலயத்தை இடிப்பதற்குள் பார்த்துவிட ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். கோபுரத்தின் அடிப்பகுதி ஆற்றுக்கல். மேலே பிற்காலத்தில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தார்கள். அந்தக் கல்லில் உள்ளங்கையைப் பதித்தபடி, நரைத்த பின்னலும் கனத்த கோட்டுமாக ஒரு யாழ்ப்பாணத்துப் பெண்மணி நின்றிருந்தார். பூசைக்கு முன் அப்படி நிற்பது தன் வழக்கம் என்றார்.

"புது ஊர்ல வேற சர்ச் கட்றாங்களாமே, அக்கா?" என்றேன்.

"ஓம் தம்பி, கட்டுவினம். என்ர மகனை இதுக்குப் பின்னாலதான் அடக்கம் செய்தனாங்கள். அவனையும் கிண்டி எடுத்து அங்க கொண்டுபோகினமாம்." கல்லை ஒருமுறை தடவிவிட்டுச் சொன்னார்: "நாங்கள் இடம்பெயர்ந்து வந்த ஆக்கள். அவனாவது ஒரு இடத்தில இருப்பான் எண்டு நினைச்சன்."

மணி அடித்தது. மகனைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக் தேவாலயத்தின் பின்பக்கம் நடந்தார். பூசை முடியும்வரை அவர் உள்ளே வரவில்லை.