தங்கச்சியின் நேர்காணலும் பழைய கம்ப்யூட்டரும்

2023 நவம்பர் 4, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். மோட்டார் போட்டு, தொட்டி நிறைந்ததும் நிறுத்தினேன். பால் காய்ச்சி, புட்டுக்கு மாவு நனைத்து வைத்தேன். கணவர் இராஜாக்கமங்கலம் பக்கம் போய்ச் சாளை மீன் வாங்கி வந்தார். நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்குச் சனிக்கிழமை விடுமுறை. அன்று துணி துவைப்பேன், அலமாரியில் ஏதாவது ஒரு தட்டை மட்டும் ஒழுங்குபடுத்துவேன். இந்தச் சனிக்கிழமை துணி ஊறியபடியே கிடந்தது. எட்டு மணிக்கே தங்கச்சி வந்துவிட்டாள்.

அவள் நர்ஸ். மஸ்கட்டில் குறைமாதக் குழந்தைகள் வார்டில் ஆறு வருடம் இருந்தவள். மகளுக்காக ஊருக்குத் திரும்பியபின் கிடைத்தது, நோயாளிகளுக்கு டோக்கன் கொடுத்து வரிசையில் உட்கார வைக்கிற வேலை. கையில் ஒரு குழந்தையைத் தூக்கி நாலு வருடமாயிற்று என்று அடிக்கடி சொல்வாள். திரும்பவும் மஸ்கட்டிலேயே அதே மாதிரி வார்டுக்கு விண்ணப்பித்து, போன மாதம் வீடியோவில் நேர்காணல் நடந்தது. போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே அதே போனுக்கு எங்கள் அம்மாவின் அழைப்பு வந்துவிட்டது. திரை கறுத்து, இணைப்பு அறுந்தது. கெஞ்சி எழுதியதில் இன்னொரு வாய்ப்பு தந்தார்கள். ஞாயிறு காலை ஒன்பதரை மணி. அங்கே ஞாயிறு வேலை நாள். இந்த முறை கம்ப்யூட்டரில்தான் வரவேண்டும், இதுவும் அறுந்தால் மறுபடி கூப்பிட மாட்டோம் என்று எழுதியிருந்தார்கள். பிரவுசிங் சென்டர் ஞாயிறு திறக்காது. குடும்பத்தில் கம்ப்யூட்டர் இருப்பது எங்கள் வீட்டில் மட்டும்.

அது வாங்கிப் பதினான்கு வருடம் இருக்கும். போன் வந்தபிறகு அதில் பாட்டு கேட்பதோடு சரி. இன்டர்நெட் பெட்டி உள்ளறைச் சுவரில் இருக்கிறது, கம்ப்யூட்டர் முன்னறையில். இதற்கென்றே முந்தின நாள் நாகர்கோவிலில் ஒரு வைஃபை ஸ்டிக்கும் சின்னக் கேமராவும் வாங்கி வந்திருந்தேன். ஸ்டிக்கோடு ஒரு சிடி இருந்தது.

சிடி போடும் தட்டு வெளியே வரவில்லை. ஓரத்தில் இருக்கும் சிறு துளையில் ஊக்கை நிமிர்த்திக் குத்தினேன். பாதி வந்தது. மீதியைத் தங்கச்சி விரலால் இழுத்தாள். சிடி சுற்றியது, மென்பொருள் ஏறியது, எங்கள் வீட்டு வைஃபையின் பெயர் வந்தது. சிக்னல் ஐந்து கோடும் நிறைந்திருந்தது.

"கொள்ளாம் அக்கா. இனி என்ன?" என்றாள் தங்கச்சி.

இனிதான் எல்லாம் இருந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று ஒரே எச்சரிக்கை. கேமராவில் பேசுவதற்கான மென்பொருளை இறக்கும் பக்கமும் அப்படியே நின்றது.

ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது என் வழக்கம். இல்லையென்றால் எதனால் சரியாயிற்று என்று தெரியாமல் போய்விடும். ஸ்டிக்கை வேறு துளையில் செருகினேன். மென்பொருளை நீக்கி மறுபடி ஏற்றினேன். உள்ளறைப் பெட்டியை அணைத்துப் போட்டேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு அதே எச்சரிக்கை. இன்டர்நெட் கொடுத்திருக்கும் கேபிள்காரருக்குப் போன் செய்தேன்.

"ஒங்க போன்ல வருதா அக்கா?"

"வருது."

"அப்போ லைன் கிளியராக்கும். ஒங்க சிஸ்டத்துக்குத்தான் வயசாயிட்டு."

என் கணவர் ஆரல்வாய்மொழியில் காற்றாலைப் பராமரிப்பு வேலை பார்க்கிறார். காற்று குறைந்த மாதம் என்பதால் வீட்டில் இருந்தார். மதியம் சோற்றில் சாளைக்குழம்பை ஊற்றிக்கொண்டு வந்து, தட்டோடு கதவில் சாய்ந்து நின்று எங்களைப் பார்த்தார்.

"நாளைக்கு அந்த டாக்டர்மாருட்ட, எங்க அக்கா வீட்டு கம்ப்யூட்டருக்கும் வார்டுல ஒரு பெட்டு போடுங்கோன்னு சொல்லு" என்றார்.

"அத்தான், நீங்க சும்ம தின்னுங்கோ. எனக்கே வெப்ராளமா இருக்கு" என்றாள் தங்கச்சி பதற்றத்தோடு.

அவள் சாப்பிடவில்லை. தட்டை மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்திருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அக்கா, இது என்ன ஜனவரி ஒண்ணு? 2009-ன்னு கெடக்கு?"

திரையின் வலது கீழ் மூலை. காலையிலிருந்து நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

"நீ எப்படிட்டி பாத்த?"

"மருந்து எடுத்தா மொதல்ல தேதியத்தானே பாப்போம். கண்ணு அங்கதான் போவும்."

எச்சரிக்கையின் அடியில் 'விவரம்' என்று இருந்ததைத் திறந்து நிதானமாகப் படித்தேன். ஒவ்வொரு இணையப் பக்கமும் தன்னிடம் ஒரு சான்று வைத்திருக்கிறது. அதற்கு ஆரம்பத் தேதியும் முடியும் தேதியும் உண்டு. 2009-இல் இருக்கும் கம்ப்யூட்டருக்கு, இந்த வருடம் கொடுத்த சான்று இனிமேல்தான் செல்லுபடியாக வேண்டும். ஆகவே உள்ளே விடமாட்டேன் என்கிறது. தேதியையும் நேரத்தையும் திருத்தினேன். பக்கம் திறந்தது.

பழைய கம்ப்யூட்டருக்கு ஒத்துவருகிற பதிப்பைத் தேடிப் பிடித்து இறக்கினோம். கேமராவில் தங்கச்சியின் முகம் வந்தது. அப்போதுதான் அவள் ஒரு வாய் சோறு எடுத்தாள்.

மூன்று மணிக்கு மேல் மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது. முதல் இடி கேட்டதும் வீடு முழுக்கக் கரண்ட் போயிற்று. கரண்ட் போகவில்லை, கணவர் மெயினைத் தாழ்த்தியிருந்தார். காற்றாலையில் இடிச் சத்தம் கேட்டால் எல்லாரும் கோபுரத்திலிருந்து இறங்கிவிட வேண்டும் என்பது விதி. வீட்டில் அவர் அதையே மெயின் ஸ்விட்சில் செய்வார். வெளியூர் போனாலும் தாழ்த்துவார், படுக்கப் போகும்போது வானம் மூடியிருந்தாலும் தாழ்த்துவார். கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

இடி ஓய்ந்ததும் மெயினை ஏற்றினார். கம்ப்யூட்டர் வழக்கம்போலக் கருப்புத் திரையில் ஏதோ ஆங்கிலத்தில் எழுதி, F1 அழுத்து என்றது. அழுத்திப் பழகிய விரல் தானாகப் போயிற்று. போகவிடாமல் நிறுத்தி, எழுதியிருந்ததைப் படித்தேன். உள்ளே இருக்கும் பேட்டரி தீர்ந்துவிட்டது என்றிருந்தது. எத்தனை வருடமாக அது இதைச் சொல்லிக்கொண்டிருந்ததோ. உள்ளே போனதும் தேதி பழையபடி ஜனவரி ஒன்று.

"ஓ, அந்த வட்ட பேட்டரியா?" என்றார் கணவர். "மெயினு கெடைக்காத நேரம் மணி ஓடுதது அதுலதான். காத்தாடி கன்ட்ரோலர்லயும் அப்படி ஒண்ணு உண்டு. நாங்க நேரத்துக்கு மாத்திருவோம்."

"காத்தாடிக்கு மாத்துவிய. வீட்டுல மெயின தாழ்த்தித் தாழ்த்தி இத கொன்னுட்டு, நேரத்துக்கு மாத்த மாட்டிய" என்றாள் தங்கச்சி.

"ஏட்டி, டிவி எரியாம இருக்கதும் என்னாலதான், கேட்டியா?"

தேதியைக் கையால் திருத்திக்கொள்ளலாம். ஆனால் நேர்காணலுக்கு நடுவில் கரண்ட் ஒரு நொடி போய் வந்தால், F1, தேதி, திரும்ப உள்ளே நுழைவது என்று ஐந்து நிமிடம் போய்விடும். அதற்குள் அங்கே எழுந்து போய்விடுவார்கள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. நாகர்கோவிலுக்குப் போய்க் கடை தேட முடியாது.

கணவர் கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். தூசியைத் தங்கச்சி பழைய புடவைத் துணியால் துடைத்தாள். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுச் சிறிய பேட்டரி. அதன்மேல் எழுதியிருந்த எண்ணை நான் வாசித்தேன். அவர் எழுந்து படுக்கையறைக்குப் போய், எடை பார்க்கும் மெஷினைக் கவிழ்த்துப் பிடித்தபடி வந்தார். அதே எண்.

"ஒங்க அக்கா இனி கொஞ்ச நாளைக்குக் கூடவும் மாட்டா, கொறையவும் மாட்டா" என்றார்.

மாற்றினோம். தேதியைத் திருத்தினோம். பிறகு நானே சொல்லி மெயினைத் தாழ்த்தச் செய்தேன். அரைமணி நேரம் இருட்டில் உட்கார்ந்து, தங்கச்சியிடம் நேர்காணல் கேள்விகள் கேட்டோம். நான் ஆங்கிலத்தில் கேட்க, அவர் குறுக்கே புகுந்து, "சம்பளம் வேண்டாம்னு சொல்லிராத மக்கா" என்றார். மெயினை ஏற்றியபோது கருப்புத் திரை எதுவும் கேட்கவில்லை. மூலையில் நவம்பர் 4 இருந்தது.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கம்ப்யூட்டரைப் போட்டேன், மூலையில் நவம்பர் 5 இருந்தது. ஆறரைக்கே தங்கச்சி சேலை மடிப்புக் கலையாமல் வந்து நின்றாள். சர்ச்சில் முதல் பூசைக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தாள். சோதனைக்கு உட்கார வைத்துப் பார்த்தால், பின்னால் இருந்த ஜன்னல் வெளிச்சத்தில் முகம் கருப்பாகத் தெரிந்தது. மூன்று பேரும் சேர்ந்து மேசையைத் தூக்கி எதிர்ச்சுவரில் போட்டோம். இப்போது வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது, ஒன்பதரை மணி அழைப்புக்கு எல்லாம் தயார்.