பாளைக் கத்தியின் கூர்

சுடலைமாடத்தி இரும்பைத் தவிர எதையும், யாரையும் நம்பமாட்டாள். உச்சிவேளையில் கறிக்குழம்பு கொண்டுபோனால் தூக்குச்சட்டிக்குள் ஓர் ஆணி கிடக்கும். தூத்துக்குடிக்குப் புது ஹார்பர் வந்த வருஷம் பேரன் பிறந்தான். காத்து கருப்பு அண்டாமலிருக்க, பனையேறிய புருஷன் விட்டுப்போன பாளைக் கத்தியைத் தொட்டில் துணிக்கடியில் வைத்தாள்.

மறுநாள் அது மருமகள் தங்கபுஷ்பத்தின் தலையணைக்கடியில் இருந்தது. சுடலைமாடத்தி எடுத்துத் தொட்டிலில் வைத்தாள். சாயங்காலம் பார்த்தால் மறுபடியும் தலையணைக்கடியில். தடவிப் பார்த்ததும் விரல் கீறியது. துருப்பிடித்துக் கிடந்த கத்தியை யாரோ தீட்டியிருந்தார்கள். பேயை விரட்ட இரும்பு போதுமே, கூர் எதற்கு? தனக்குத்தான் குறியோ என்று மருமகளைக் கூப்பிட்டாள்.

“ஏளா, யாருக்கு இதைத் தீட்டி வச்சிருக்க?”

“பேய்க்குத்தான் அத்தை.”

“பேய் புள்ளையத்தான தேடி வரும்? உன் தலைமாட்டுல எதுக்கு?”

தங்கபுஷ்பம் சேலைத் தலைப்பை விலக்கினாள். தோளில் பெல்ட்டால் அடித்த தடிப்பு கன்றியிருந்தது.

“இந்த வீட்டுப் பேய் என்னையத்தான் தேடி வருது.”

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. சாராய வாடை முன்னால் வந்தது, ஹார்பர் வேலை முடிந்து மகன் பின்னால் வந்தான்.

சுடலைமாடத்தி கத்தியை மருமகளின் தலையணைக்கடியிலேயே செருகினாள்.