குறுக்குப் பாதையில் உருண்ட தேங்காய்கள்

எங்கள் பொகவந்தலாவைக் கடைகளில் தேங்காய் விற்கும் விலைக்குச் சம்பல் அரைக்கவே பயமாக இருக்கிறது. அதனால், மேல் ரோட்டில் ஒரு லொறிக்காரர் மலிவாக விற்றபோது ஒரு சாக்கு வாங்கிவிட்டேன். ஆட்டோவுக்குக் கொடுத்தால் மிச்சம் பிடித்தது போய்விடுமே என்று, சாக்கைத் தலையில் வைத்துக்கொண்டு தேயிலைக்கு நடுவே செங்குத்தாக இறங்கும் குறுக்குப் பாதையில் நடந்தேன்.

பாதி வழியில் அந்தப் பழைய சாக்கு கிழிந்தது. தேங்காய்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டோடின. பாதை முடியும் இடத்தில் பெண்கள் வரிசையாக நின்று கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது.

"தேங்கா வருது, ஓடுங்க!" என்று கத்தினேன்.

பெண்கள் சிதறி ஓட, எடை குறித்துக்கொண்டிருந்த கணக்கப்பிள்ளை பக்கத்துக் கல்லின் மேல் தாவி ஏறினார். நல்லவேளை, யார் மேலும் படவில்லை; தேங்காய்கள்தான் கல்லில் மோதி உடைந்தன.

"என்னங்க அக்கா, தேங்கா ஒடைக்கணும்னா கோயிலுக்குப் போகக் கூடாதா?" என்றார் அவர், கல்லில் நின்றபடியே.

உடைந்த தேங்காய் மறுநாளைக்குத் தாங்காது. அன்று எங்கள் லயத்து வீடுகள் முழுக்க என் செலவில் சம்பல்.

இப்போது பக்கத்து வீட்டு ராணியும் நானும் சேர்ந்து வாங்குகிறோம். ஆட்டோக் கூலியும் பாதிப் பாதி. ஆனாலும் நான் சாக்கோடு வந்து இறங்கினால், கணக்கப்பிள்ளை முதலில் தேடுவது அந்தக் கல்லைத்தான்.